கோடை 2025: கடலோரத்துக்குக் காற்று எத்தனை மணிக்கு வரும்?

கடலோரவாசி (திருவான்மியூர்) – ஏப்ரல் 1, 2025, காலை 7:10

நண்பர்களே, வணக்கம். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான கோடைக் கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை நேற்று வெளியிட்டுவிட்டது. நாட்டின் பெரும்பகுதியில் பகல் வெயில், இரவு வெப்பம் இரண்டுமே இயல்பைவிடக் கூடுதலாக இருக்குமாம். வெப்ப அலை நாட்கள் அதிகமாகும் என்று சொன்ன பகுதிகளில் தமிழகத்தின் வடபகுதியும் இருக்கிறது. பசிபிக் கடல்பரப்பைக் குளிர வைக்கும் லா நினா வலுவிழந்துவிட்டது, அதைச் சூடாக்கும் எல் நினோவும் இல்லை. அதனால் 2024 போல எல் நினோவின் சூடு தலையில் இறங்கும் ஆண்டு அல்ல இது.

இந்தக் கணிப்பைப் படித்ததும் எல்லோரும் கேட்பது "எத்தனை டிகிரி போகும்?" என்றுதான். நம் கடற்கரைக்கு அந்தக் கேள்வி போதாது. காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்க வேண்டும்.

எங்கள் மொட்டை மாடியில் ஒரு துணிக்கொடி இருக்கிறது. ஒன்பது கோடையாக அதைப் பார்த்து ஒரு நோட்டில் நேரம் குறித்து வருகிறேன். காலையில் தரைக்காற்று அடிக்கும்போது கொடியில் இருக்கும் புடவை கடல் பக்கம் உப்பி நிற்கும். அப்புறம் ஒரு பத்து நிமிடம் அசையாமல் தொங்கும். அன்றைய நாளிலேயே பொறுக்க முடியாத பத்து நிமிடம் அதுதான். பிறகு முந்தானை மெதுவாக மேற்கே திரும்பும், முகத்தில் ஈரக்காற்று படும். அந்த நேரத்தைத்தான் எழுதி வைக்கிறேன். பதினொன்றரைக்குத் திரும்பினால் அன்றைய வெயில் 35-ஐத் தாண்டாது. இரண்டரை மணிக்கு மேல் போனால் நாற்பதைத் தொட்டுவிடும்.

பழைய தமிழில் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. மேற்கிலிருந்து வரும் அந்த மேல்காற்றின் பெயரையே இந்தப் பருவத்துக்கும் வைத்திருக்கிறார்கள். நம் வெயில் காலம் என்பது கோடைக்கும் கொண்டலுக்கும் நடக்கும் இழுபறி. உங்கள் ஊரில் தினமும் காற்று திரும்பும் நேரத்தை இங்கே எழுதுங்கள். டிகிரியைவிட அது எல்லோருக்கும் பயன்படும்.

ஆவடி வாசி – ஏப்ரல் 1, காலை 9:42

சார், எங்களுக்கு அந்தக் காற்று வந்து சேர்வதற்குள் மாலை நாலு ஆகிவிடுகிறது. நேற்று மதியம் காரில் 46 டிகிரி காட்டியது. செய்தியிலோ அதைவிட எவ்வளவோ குறைவு. எதை நம்புவது?

காற்றழுத்தம் (வானிலை படித்தவன்) – ஏப்ரல் 1, காலை 11:05

செய்தியில் வருவதை நம்புங்கள். ஆனால் உங்கள் காரும் பொய் சொல்லவில்லை, அது அளந்தது வேறொன்றை. வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், நிழலில், புல்தரைக்கு மேல் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். பெட்டியின் நான்கு பக்கமும் காற்று புகும். காரில் இருப்பது முன்பக்கம், தார்ச்சாலைக்குப் பக்கத்தில், என்ஜின் சூட்டில் கிடக்கிறது. சிக்னலில் நின்றால் இன்னும் ஏறும். ஊருக்கு ஊர் ஒப்பிட வேண்டுமானால் ஒரே மாதிரி அளந்த எண் வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பெட்டி.

கடலோரவாசி அண்ணன் சொன்ன நேரக் கணக்குக்குக் காரணம் எளியது. மண் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். தரைமேல் சூடேறிய காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அதை எதிர்த்து உள்ளே வர நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கி, உள்மாவட்டங்களின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வரும் காற்று கரைவரை போய்விடும். சென்னையின் வானிலை நிலையங்களில், கடலுக்குப் பக்கத்திலுள்ள நுங்கம்பாக்கத்தைவிட உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் பெரும்பாலும் ஒரு டிகிரியாவது கூடுதலாகக் காட்டுவதும் இதனால்தான். கடலிலிருந்து தள்ளிப் போகப் போகக் காற்று பிந்தும்.

ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் நம் கரையில் தென்கிழக்குக் காற்று நன்றாக இருக்கும். கேரளம் பக்கம் பருவக்காற்று நெருங்க நெருங்க மேல்காற்றுக்கு வலு கூடும். அதனால் சென்னைக்கு உண்மையான சூடு மே பின்பாதியிலும் ஜூன் முதல் பாதியிலும்தான். இந்த ஆண்டு கத்திரி மே 4 முதல் 28 வரை. கத்திரி முடிந்ததும் வெயில் இறங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சென்னையின் உச்ச அளவான 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல், கத்திரிக்குப் பிறகு.

வேதை உப்பு (வேதாரண்யம்) – ஏப்ரல் 2, இரவு 8:30

எல்லோரும் வெயில் வேண்டாம் என்று எழுதுகிறீர்கள். உப்பளத்தில் இருப்பவன் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். எங்களுக்குக் கோடையில்தான் முக்கியமான பிழைப்பு. பாத்தியில் உப்பு விளைய வெயிலும் வேண்டும், காற்றும் வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்தால் போதும், விளைந்தது கரைந்து போகும், பாத்தியை மிதித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையில் கோடை மழைக்குக் கைதட்டும் அன்று நாங்கள் உப்புக் குவியலுக்கு மேல் கீற்று போட ஓடிக்கொண்டிருப்போம்.

ஆனால் அந்த வெயிலில் நிற்பதும் நாங்கள்தான். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே பாத்தியில் இறங்கி, பத்து மணிக்குள் வாரி முடிக்கப் பார்ப்போம். நேரம் தாண்டினால் வெள்ளை உப்பில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. காலில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கே உப்பு ஏறும். என் வீட்டுக்காரி பாத்தியில் இறங்கும் நாளில் காலையிலிருந்து மதியம் வரை தண்ணீரே குடிக்க மாட்டாள். ஏனென்றால் ஒதுங்க அங்கே ஒரு மறைவு கிடையாது. பெண்கள் பலரும் அப்படித்தான். போன வருஷம் நீர்க்கடுப்பு வந்து மூன்று வாரம் அவதிப்பட்டாள். கணிப்பு எழுதுபவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

செவிலி அக்கா (கடலூர்) – ஏப்ரல் 2, இரவு 10:15

வேதை தம்பி எழுதியது என் வார்டில் வருஷா வருஷம் பார்ப்பது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உழைத்தால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். சிறுநீர் மஞ்சளாக, அடர்ந்து போனால் உடம்பு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்கச் சொல்லுங்கள். மறைவு ஒன்று கட்டித் தரும்படி அளத்து முதலாளியிடம் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். நாலு தட்டி போதும், பெரிய செலவில்லை.

உப்பு சர்க்கரைக் கரைசல் கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும், குவித்து அள்ளக் கூடாது. உப்பு கூடினால் கெடுதல். நீர்மோர், பழைய சோற்றுத் தண்ணீர், இளநீர் எல்லாமே நல்லதுதான். ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பவாதம். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஆவடி வாசி – ஏப்ரல் 3, காலை 6:50

அக்கா, மிக்க நன்றி. என் தம்பி கொத்தனார் வேலைக்குப் போகிறான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு கேட்டதற்கு, கூலியில் பிடிப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். அதிகாரப்பூர்வமாக வெப்ப அலை என்று அறிவித்தாலாவது கேட்பார்களோ என்னவோ. அந்த அறிவிப்பை எப்போது தருவார்கள்?

காற்றழுத்தம் – ஏப்ரல் 3, காலை 10:20

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர மக்களுக்கு ஒரு நியாயமான குறை இதில் இருக்கிறது.

சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30. முதலில் அந்த அளவைத் தொட வேண்டும். அதோடு அன்றைய இயல்பைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அதுவும் ஒரே வட்டாரத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள். அப்போதுதான் வெப்ப அலை என்று சொல்வார்கள். இயல்பு எவ்வளவு இருந்தாலும் 45-ஐத் தொட்டால் அதுவும் வெப்ப அலைதான்.

மே கடைசியில் சென்னையின் இயல்பே ஏறக்குறைய 37-38. அதற்கு மேல் நாலரை என்றால் 42 வர வேண்டும். 40.5 டிகிரியில் ஊரே சுருண்டு கிடந்தாலும் கணக்குப்படி அது வெப்ப அலை இல்லை.

அடுத்தது ஈரம். அந்த வரையறைக்குள் அது வரவே இல்லை. உடம்பைக் குளிர வைப்பது வியர்வை அல்ல, வியர்வை காய்வதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் காய்ந்தால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காயாமல் சொட்டினால் ஒன்றும் போகாது. சேலத்தில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளந்தால் சுமார் 24 காட்டும். கடற்கரையில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் அதே ஈரக்குமிழ் 29 காட்டும். எட்டு டிகிரி குறைவான ஊரில் உடம்புக்கு ஐந்து டிகிரி கூடுதல் சுமை! ஈரக்குமிழ் 35 மனித உடம்பின் எல்லை என்று முன்பு சொல்லிவந்தார்கள். நல்ல ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில் 31-ஐ ஒட்டியே உடம்பு தடுமாறத் தொடங்குவது தெரிந்திருக்கிறது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் வெப்ப அலை என்று பெயர் வராத ஒரு புழுக்க நாளில், 37 டிகிரியில், உங்கள் தம்பி போன்ற ஒருவர் சாரத்திலிருந்து மயங்கி விழுந்தால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? கடலோரத்துக்கு ஈரத்தையும் சேர்த்து ஒரு வரையறை வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்த அசௌகரியம் பற்றி வானிலைத் துறை தனியாக ஓர் எச்சரிக்கை தருகிறது. தம்பியிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

மட்டுநகர் (மட்டக்களப்பு) – ஏப்ரல் 4, மாலை 5:00

கடலோரவாசி அண்ணன் எழுதியதை வாசித்ததும் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. இங்கே அந்த மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். தென்மேற்குப் பருவத்தில் மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வரும். ஆனி, ஆடியில் கச்சான் அடித்தால் உதடு வெடிக்கும், கிணற்றடி வாழைகூட வாடும். வேர்க்கடலையையும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். உங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை, எங்களுக்கு மத்திய மலைநாடு. மற்றபடி கதை ஒன்றுதான். பின்னேரம் கடல்காற்று வந்து கச்சானைத் தள்ளினால்தான் வாசலில் பாய் போட்டு இருக்கலாம்.

பாம்பன்காரன் – ஏப்ரல் 4, இரவு 9:10

எங்களுக்கும் மேற்கிலிருந்து வருவது கச்சான்தான் மட்டுநகர் அண்ணே. தீவில் எந்தப் பக்கம் அடித்தாலும் கடல் மேல்தான் வரும், அதனால் 40 எல்லாம் நாங்கள் கண்டதில்லை. ஆனால் ராத்திரி புழுக்கம் இருக்கிறதே, அது தனி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். எல்லோரும் கரையில்தான். கரையில் தூங்குவதைவிடக் கடலில் தூங்குவது சுகம் என்பது இந்த இரண்டு மாதத்தில்தான் உறைக்கும்.

செவிலி அக்கா (கடலூர்) – ஏப்ரல் 5, காலை 6:05

ராத்திரியைச் சொன்னீர்கள் பாருங்கள், அதை யாரும் சரியாகப் பேசுவதில்லை. பகலில் வெந்த உடம்பு இரவில் ஆறினால்தான் மறுநாள் தாங்கும். 29 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவில் முதியவர்களின் இதயம் ஓய்வே இல்லாமல் அடித்துக்கொள்ளும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் போட்ட வீட்டில் இருப்பவர்கள் மாலை ஐந்துக்கு மேல் கூரையில் தண்ணீர் தெளியுங்கள், கிழக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீர் இல்லாத தெருவில் இதைச் சொல்வது எனக்கே வலிக்கிறது.

கடலோரவாசி – ஏப்ரல் 5, காலை 8:00

தண்ணீர் என்றதும் 2019 நினைவுக்கு வருகிறது. அந்த ஏப்ரல் கடைசியில் ஃபோனி புயல் உருவானபோது வட தமிழகக் கரைக்கு வரும் என்று முதலில் சொன்னார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, செம்பரம்பாக்கம், புழல், சோழவரம் ஏரிகள் எல்லாம் வற்றிக் கிடந்த நேரம். என் தெருவில் குடம் கழுவி வைத்துக் காத்திருந்தோம். புயல் வளைந்து போய் மே 3-ல் பூரியில் ஏறியது. இங்கே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மேல்காற்றை மட்டும் விட்டுச் சென்றது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

2003-லும் அப்படித்தான். மே மாதப் புயல் ஈரத்தை எடுத்துக்கொண்டது, பருவமழை பிந்தியது, மே 31-ல் 45 டிகிரி. ஆனால் 2010-ல் லைலாவும் 2016-ல் ரோவானுவும் நம் கரையை ஒட்டிப் போனபோது நல்ல மழை தந்தன. மே மாதப் புயல் ஒட்டிப் போகிறதா, விலகிப் போகிறதா என்பதை எந்தப் பருவக் கணிப்பும் ஏப்ரலில் சொல்லிவிட முடியாது. மூன்று மாதச் சராசரி கூடும் என்பதை நம்பலாம். எந்த வாரம் சுடும் என்பதைப் பத்து நாளுக்கு முன்னால் கேட்பதே சரி.

காற்றழுத்தம் – மே 14, காலை 9:30

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். தென்மேற்குப் பருவமழை நேற்று அந்தமான் கடலுக்கு வந்துவிட்டது. கேரளத்தில் மே 27 வாக்கில் தொடங்கும் என்று வானிலைத் துறை சொல்லியிருக்கிறது, இயல்பான தேதி ஜூன் 1. இது கேரளத்துக்கு நல்ல செய்தி. நம் கரைக்கு ஒரு எச்சரிக்கையும்கூட. பருவக்காற்று முந்தினால் மேல்காற்றும் முந்தும். மேகமும் மாலை இடிமழையும் கூடவே வந்தால் தப்பிப்போம். மேகம் இல்லாமல் காற்று மட்டும் வந்தால் நாகை, கடலூர், தூத்துக்குடிக்கு ஜூனில் நல்ல சூடு இருக்கும்.

வேதை உப்பு (வேதாரண்யம்) – மே 15, இரவு 7:45

இந்தக் கோடையில் இரண்டு தடவை பாத்தி கரைந்துவிட்டது. நட்டம்தான். ஆனால் ஒரு செய்தி சொல்ல வேண்டும் செவிலி அக்காவிடம். நாங்கள் எட்டுக் குடும்பம் சேர்ந்து போய்க் கேட்டோம். வரப்போரமாகத் தென்னங்கீற்றில் மறைவு கட்டிவிட்டார்கள், பக்கத்தில் ஒரு பானை தண்ணீர். வீட்டுக்காரி இப்போது காலையில் இரண்டு செம்பு குடித்துவிட்டு இறங்குகிறாள்.

செவிலி அக்கா (கடலூர்) – மே 15, இரவு 9:20

தம்பி, மனசு நிறைந்துவிட்டது. பானைக்கு மூடி இருக்கட்டும்.

பாம்பன்காரன் – மே 25, காலை 6:30

கேரளத்தில் நேற்றே மழை தொடங்கிவிட்டதாமே. கச்சான் நேற்று ராத்திரியே அடிக்கத் தொடங்கிவிட்டது, படகுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அண்ணே, சென்னையில் எப்படி?

காற்றழுத்தம் – மே 25, காலை 9:15

ஆமாம், மே 24. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் தொடங்கியது இதுதான். சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னால், இயல்புக்கு எட்டு நாள் முன்னால்.

கடலோரவாசி – மே 25, மாலை 6:40

பாம்பன் தம்பி, காலையிலிருந்து மேல்காற்றுதான், மேகமும் இருந்தது. புடவை ஒரு மணி வரை கடல் பக்கமே பறந்துகொண்டிருந்தது. ஒன்றரைக்குத் தொங்கியது, ஒன்று ஐம்பதுக்குத் திரும்பியது. நோட்டில் போட்டுவிட்டேன். ஜூன் முதல் வாரத்தில் இது இரண்டரையாகும் என்று எதிர்பார்க்கிறேன். ஆவடி நண்பரே, உங்களுக்கு அப்போது ஐந்து மணிக்கு மேல் ஆகும். தம்பியைக் காலை ஆறுக்கே வேலையைத் தொடங்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

ஆவடி வாசி – மே 25, இரவு 8:05

பேசிவிட்டோம் சார். நாளையிலிருந்து ஆறு முதல் பதினொன்று, அப்புறம் மூன்றரை முதல் ஆறரை. கூலியில் பிடிக்க மாட்டார்களாம். இங்கே இன்று காற்று வந்தது 4:25-க்கு.